முதுகில் நாலு புள்ளி

என் வாய் கொஞ்சம் மோசம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்காரியும், ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வீரம்மாளும் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் பார்த்த வேலை அப்படி. திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டீப் எக்ஸ்ரே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கை காலைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே வேறு, இது வேறு. உடம்புக்குள் புற்று உட்கார்ந்திருக்கிற இடத்தைக் குறிபார்த்துச் சுடுகிற எக்ஸ்ரே இது. சுடும்போது சூடும் தெரியாது, வலியும் தெரியாது. டாக்டர் அற்புதசாமி இடத்தைச் சொல்லுவார். நான் நோயாளியின் தோலில் ஊதா மையால் ஒரு கட்டம் போடுவேன். மூன்று வாரத்துக்கு அந்தக் கட்டத்துக்குள்தான் மிஷினின் வாய் உட்கார வேண்டும். அதனால் மூன்று வாரமும் அந்த இடத்தில் சோப்பு படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, துண்டு போட்டுத் தேய்க்கவும் கூடாது.

இதைத் திருச்சிக்காரர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அதுவும் கத்திரி வெயிலில். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நேரே காவிரிக்குப் போய் முங்கிவிட்டு வருவார்கள். ஓர் அம்மா கட்டத்தின் மேலேயே மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். ஒருத்தர் முதுகில் நான் போட்டிருந்த குறுக்குக் கோட்டைச் சிலுவை என்று நினைத்து, "பாதிரிமார் வேலை" என்று அவருடைய மாமியார் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். நான் கத்துவேன். கத்தாமல் என்ன செய்வது?

இப்படி நான் கத்திக்கொண்டிருந்த அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரைக் கடைசியில்தான் பொன்மலை வீரமலை வந்து சேர்ந்தார்.

லால்குடிப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். பொன்மலையில் ரயில்வே பட்டறை வந்த புதிதில், மீசை முளைக்கிற வயதில், மண் சுமக்கிற கூலியாக உள்ளே போனார். கூலி, எடுபிடி பார்க்கிற கலாசியானார், கலாசி மார்க்கரானார். அதற்கு மேல் எந்த உத்தியோகமும் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய எண்ணம். பாய்லருக்கு வருகிற பெரிய இரும்புத் தகட்டில் எங்கே வெட்டுவது, எங்கே ஓட்டை போடுவது என்று கோடு கிழித்துக் கொடுப்பவர்தான் மார்க்கர். அவர் கோடு போடாமல் அங்கே ஒருத்தனும் உளியைத் தொட மாட்டான்.

பட்டறையில் வெறும் கோட்டுக்கு மரியாதை கிடையாது. கோடு எண்ணெய்பட்டால் அழியும், கை பட்டால் அழியும். ஆகவே கோடு கிழித்ததும் அதன் நாலு மூலைக்கும் வெளியே, சரியாக இரண்டு இஞ்சு தள்ளி, கூரான பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் புள்ளி வைப்பார்கள். அதற்குச் சாட்சிப் புள்ளி என்று பெயர். கோடே காணாமல் போனாலும் புள்ளியிலிருந்து அளந்து அதே இடத்தில் திரும்பப் போட்டுவிடலாம். சாட்சி இல்லாத கோட்டை வீரமலை கோடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். குளிக்கிற சோப்பில் வாரத்துக்கு இவ்வளவு என்று ஆணியால் கோடு. தண்ணீர்ப் பானையில் கோடு. சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும் என்று வாசல் சிமெண்டில் கோடு. பாப்பாயி அம்மாள் சுடுகிற தோசையில் மட்டும்தான் அவர் இன்னும் கோடு போடவில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்களாம். பாப்பாயி அவருடைய சம்சாரம். அந்த அம்மாளிடம் நான் இதைக் கேட்டேன்.

"அதுவும் போட்டாரு தம்பி, கல்யாணமான புதுசுல. எனக்குப் பாதி, உனக்குப் பாதின்னு சாக்பீஸை எடுத்துக்கிட்டு வந்தாரு. தோசைத் திருப்பியைக் காட்டினேன். அதோட விட்டாரு" என்றாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் அவருக்கு முதுகு வலி வந்தது. குனிந்து நிமிர்கிற வேலைதானே என்று தைலம் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு பாதம் மரத்தது. ஒரு நாள் செருப்பு ஒன்று வழியில் கழன்றது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு பட்டறைக்குள் போய் நின்றார். அப்போதுதான் பயந்தார்கள். மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் கிளம்பின புற்று முதுகெலும்புக்கு ஏறியிருந்தது.

டாக்டர் அற்புதசாமி மழுப்பத் தெரியாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"நடு முதுகுல இந்த எலும்பை அரிச்சிருக்கு. உள்ள ஓடுற நரம்பை அழுத்துது. இப்பவே சுட்டா காலு நிக்கும். விட்டா ரெண்டு காலும் போயிடும்."

வீரமலை படத்தை வாங்கி, ஏதோ பாய்லர் தகட்டைப் பார்க்கிற மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"துருதானுங்களே. பொத்தல் விழறதுக்குள்ள பிடிச்சுடணும்."

"அப்படித்தான். ஆனா முழுசாப் போகாது. வேற இடத்துலயும் பின்னால வரும். அதை நான் மறைக்க விரும்பலை."

"அது அப்புறம் பாத்துக்கலாமுங்க. எனக்கு ஜூன் முப்பது வரைக்கும் காலு வேணும்."

ஜூன் முப்பது அவர் ரிட்டையர் ஆகிற நாள். பொன்மலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலச் சங்கு ஊதியதும் ரிட்டையர் ஆகிறவருக்கு மாலை போட்டு, பேண்டு வாத்தியம் வைத்து, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலிலிருந்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போவார்கள். வீரமலை முப்பது வருஷமாக ஒருத்தர் ஊர்வலம் விடாமல் போனவர். போன வருஷம் வார்ப்படப் பிரிவில் இருந்த ஒருவருக்குச் சர்க்கரை வியாதியில் கால் போய்விட்டது. அவரை ரிக்‌ஷாவில் உட்கார வைத்து, மாலை போட்டு, பேண்டு வாசித்துக் கூட்டிப் போனார்களாம். வழியில் எதிரே வந்த ஒரு ஆள், விஷயம் தெரியாமல், பிணம் போகிறது என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டிருக்கிறான்.

"ரிக்‌ஷாவுல அவரு உக்காந்து அதைப் பாத்தாருங்க. அவரு மூஞ்சி என் கண்ணை விட்டுப் போகலை. நான் நடந்துதான் போவேன்" என்றார் வீரமலை.

சனிக்கிழமை அவரைக் குப்புறப் படுக்கவைத்து நான் கட்டம் போட்டேன். திங்கட்கிழமை தொடங்கிப் பதினைந்து தடவை சுட வேண்டும். முகத்தைப் பலகையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த மை எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"குளிக்காம இருந்தா நிக்கும்."

"வேர்வைக்கு?"

"வேர்க்காம பாத்துக்கங்க."

"சித்திரை மாசத்துல வேர்க்காம பாத்துக்கறதுக்கு நான் என்ன பாறாங்கல்லா? சரி, சாட்சிப் புள்ளி எங்க வப்பீங்க?"

அது என்னவென்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உங்க பட்டறை வேலையை உங்க பட்டறையில வச்சுக்கங்க பெரியவரே. இந்த ரூமுக்குள்ள நான்தான் மார்க்கர்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவ்வளவு பேசுகிற மனுஷன் சட்டென்று அடங்கினால் ஏதோ திட்டம் போடுகிறான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பொன்மலைச் சந்தை. பச்சை குத்துகிற இருளாயி சந்தையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். வீரமலை நேரே அவளிடம் போய்ச் சட்டையைக் கழற்றியிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு பாப்பாயி அம்மாள் எனக்குச் சொன்னது.

"என்ன குத்தணும் பெரியவரே, பேரா, தேளா?" என்று கேட்டிருக்கிறாள் இருளாயி. "பேருன்னா யோசிச்சுச் சொல்லுங்க, சம்சாரம் பக்கத்துலயே நிக்கிறாங்க."

"பேரும் வேண்டாம், தேளும் வேண்டாம். நாலு புள்ளி."

"நாலு புள்ளியில ஒரு கோலம்கூட வராதே."

"கோலம் ஏற்கெனவே இருக்கு. நீ புள்ளியை வை."

பாப்பாயி அம்மாள் கையில் பட்டறை இரும்பு ஸ்கேலைக் கொடுத்து, என் ஊதாக் கட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் இரண்டு இஞ்சு அளக்கச் சொல்லியிருக்கிறார். "கத்திரிக்கா வாங்க வந்தவ எல்லாம் சுத்தி நின்னு பாக்குறா தம்பி. இவரு குப்புறப் படுத்துக்கிட்டு, நேரா பிடி, ஆட்டாதே, அழுத்தாதேன்னு அதிகாரம் பண்றாரு. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேரு வரலை."

எனக்கு இது எதுவும் தெரியாது. தினமும் வந்து படுக்கும்போது தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு, கட்டம் மட்டும் தெரிகிற மாதிரி படுப்பார். சபை மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கட்டத்தைச் சுற்றி ஈயத் தகட்டை வைத்து, மிஷின் வாயை அழுத்தி, நான் வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மிஷின் உறுமி நிற்கும். அவர் எழுந்து, கட்டை விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒன்பது நாள் இப்படி ஓடியது. ஒன்பது நாளும் மனிதர் குளிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைச் சத்தியமாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். "பக்கத்து வீட்டு ஆடுகூட ஒதுங்கிப் போகுது" என்றாள் பாப்பாயி அம்மாள்.

பத்தாவது நாள் வந்து படுத்தபோது கட்டம் இல்லை. முந்தின ராத்திரி பூராவும் கரண்டு இல்லாமல் வீட்டில் வெந்திருக்கிறார். வேர்வையில் மை கரைந்து, ஊதாவாக ஒரு தீற்றல்தான் மிச்சம். எனக்கு வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். இது என் கை போட்ட கட்டம்தானே என்ற தைரியத்தில், தீற்றலை வைத்துக்கொண்டு மறுபடி கோடு போட்டேன். மிஷின் வாயை இறக்கி அழுத்தினேன்.

"தம்பி, இன்னிக்கு வேற இடத்துல உக்காருது. கீழே இறங்கிட்டீங்க."

"முதுகுல கண்ணு வச்சிருக்கீங்களா?"

"கண்ணு இல்லை, சாட்சி இருக்கு. துண்டை எடுத்துப் பாருங்க."

எடுத்தேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, பச்சையாக நாலு புள்ளி. இரண்டு நிமிஷம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா என்றேன். எக்ஸ்ரே படுகிற உடம்பில் கண்ட ஊசியைக் குத்திச் சீழ் பிடித்தால் யார் பதில் சொல்வது என்றேன். சத்தம் கேட்டு டாக்டர் அற்புதசாமி வந்தார். அவரும் பார்த்துவிட்டு, அவர் பங்குக்கு இங்கிலீஷில் திட்டினார். வாசலில் பாப்பாயி அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வீரமலை குப்புறப் படுத்தபடியே தரையைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"திட்டி முடிச்சாச்சுங்களா? சட்டைப் பையில ஸ்கேல் இருக்கு. எடுத்து அளந்து பாருங்க."

டாக்டர் அளந்தார். என் புதுக் கட்டத்துக்கும் மேல்புள்ளிக்கும் மூன்று இஞ்சு இருந்தது. கீழ்ப்புள்ளிக்கு ஒரே இஞ்சு.

"புள்ளிதான் தப்பா இருக்கும். சந்தையில குத்தினது" என்றேன் நான். விட மனசில்லை.

டாக்டர் என் கட்டத்தின் மேலே ஈயக் கம்பியை ஒட்டினார், புள்ளிகளின் மேலே ஈயப் பொட்டுகளை ஒட்டினார், படம் பிடிக்கிற தள்ளு மிஷினை உள்ளே கொண்டுவந்து படம் எடுக்கச் சொன்னார். படத்தை நானே கழுவினேன். ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு பேரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அரித்துப்போன எலும்பு என் கட்டத்தின் மேல் விளிம்பில், பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. நாலு பொட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது. மிச்சமிருந்த ஆறு தடவையும் நான் இந்தக் கட்டத்தில் சுட்டிருந்தால் நரம்பை அழுத்துகிற பாதி அப்படியே இருந்திருக்கும். படத்திலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். அவர் அப்படியே படுத்திருந்தார்.

"எத்தனை?" என்றார்.

"ஒரு இஞ்சு."

பார்த்தாயா என்று கேட்பார், சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

"வேர்வைக்கு மை கீழ்ப்பக்கம்தான் இறங்கும் தம்பி. உங்க கை பிசகலை. வெளியில ஆளு காத்திருக்காங்க, சீக்கிரம் போடுங்க" என்றார்.

அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புள்ளியிலிருந்து அளந்து கட்டம் போட்டேன். அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான். கட்டம் அழிந்தாலும் கவலை இல்லை என்று ஆனபிறகு, தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். பாப்பாயி அம்மாள் என்னைத் தேடி வந்து, "நீங்க பிசகின அந்த ஒரு இஞ்சுக்குச் சூடம் ஏத்தணும் தம்பி, இந்த மனுசனைக் குளிக்க வச்சதுக்கு" என்றாள். பரிகாசமா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீரமலை ரொம்ப காலம் இருக்கவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே துரு வேறு இடத்தில் பிடித்தது. அடுத்த வருஷம் ஐப்பசியில் போய்விட்டார். கடைசி வாரம் வரைக்கும் கொல்லைப்பக்கம் தன் காலாலேயே போய் வந்தாராம். ஆனால் நான் சொல்ல வந்தது ஜூன் முப்பதைப் பற்றி.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் பொன்மலைக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் கூப்பிட்டிருந்தார். ஆனாலும் கூட்டத்தின் நடுவே போக எனக்கு முகம் இல்லை. வழியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றேன். சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் பேண்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் அந்தச் சத்தம் கிட்டேயே வரவில்லை. அவ்வளவு மெதுவாக வந்தார்கள். கழுத்து நிறைய மாலை, கையில் ஒரு கழி, ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து வீரமலை நடந்து வந்தார். பின்னால் நூறு இருநூறு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவர் நிதானத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல், ஒருத்தர் சக்கரம் மற்றவர் காலில் இடிக்க வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் சுடலைமுத்து என்கிற ரிக்‌ஷாக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று பட்டறைக்காரர்கள் சொல்லிவைத்த வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

வீரமலை என்னைப் பார்த்துவிட்டார். நின்றார். பேண்டும் நின்றது.

"இவருதான் என் முதுகுல மார்க்கிங் போட்டவரு" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சைமுத்து என்று ஒரு மார்க்கர், வீரமலைக்குச் சமவயது, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரைக் கேட்டார். "கை எப்படி?"

பொன்மலையில் ஒரு மனிதனைப் பற்றி இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

"சுத்தமான கை. பதினஞ்சு நாளும் ஒரு நூல் பிசகலை" என்றார் வீரமலை.

கண் இமைக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னார். வாய் மோசம் என்று சொன்னேனே, அது அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"ஒரு இஞ்சு பிசகிடுச்சுங்க. இவரு வச்ச சாட்சிப் புள்ளிதான் காலைக் காப்பாத்துச்சு" என்றேன்.

பிச்சைமுத்து யோசித்தார்.

"சட்டையைக் கழட்டு மாப்ளே" என்றார் வீரமலையைப் பார்த்து.

நட்டநடுத் தெருவில் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டையைக் கழற்றினார்கள். நாலு மார்க்கர்கள் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேலை எடுத்து, எக்ஸ்ரே பட்டுத் தோல் கறுத்திருந்த என் கட்டத்தின் தடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக அளந்தார்கள். மூன்று புள்ளி சரி. நாலாவது ஒரு நூல் தள்ளி இருந்தது.

"இதுக்கு ஸ்கேல் பிடிச்சது யாரு?"

"நான்தான். குத்தினவ சிரிக்க வச்சுட்டா, கை ஆடிடுச்சு" என்றாள் பாப்பாயி அம்மாள். தெருவே சிரித்தது. வீரமலைதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்தது முதுகில் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் கழியை ஊன்றி நின்றார்.

மறுபடி நடந்தார்கள். நானும் கூட நடந்தேன். குவார்ட்டர்ஸ் தெரு திரும்பியதும் அவருடைய இடது கால் இழுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு எட்டுப் பத்து அடி இருக்கும்போது நின்றுவிட்டார். முகத்தில் வேர்வை வழிந்தது. பின்னால் ரிக்‌ஷா மணி ஒரு தடவை அடித்தது. நான் கையை நீட்டினேன்.

"கை வேண்டாம் தம்பி. பக்கத்துல வாங்க, போதும்."

பக்கத்தில் போனேன். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. சைக்கிள் நிறுத்த அவரே சிமெண்டில் போட்டு வைத்திருந்த கோட்டைத் தாண்டினார். படியில் கழியை ஊன்றி, காலைத் தூக்கி வைத்து, மாலை வாசல் நிலையில் உரச, வீட்டுக்குள் போனார். நான் தெருவில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

சுடலைமுத்து ரிக்‌ஷாவைத் திருப்பினார். மணியை விடாமல் அடித்துக்கொண்டு, கல்யாண வண்டி ஓட்டுகிறவர் மாதிரி, காலி வண்டியோடு போனார்.